வெள்ளத்தாய் பலகையும் பழ ஈயும்

ஒரு ஊர்ல ஒரு பழ மார்க்கெட் இருந்துச்சாம். பெரிய ஊரு, பாம் பாம்னு பஸ் சத்தம் ஓயாத ஊரு. ஒரு திங்கக்கிழமை காலையில அந்த மார்க்கெட்டுல யார் யார் இருந்தாங்கன்னு மொதல்ல சொல்லிடுறேன், அப்புறம் நடுவுல கேக்கக் கூடாது. வாழைப்பழக் கடைக்காரங்க நாலு பேரு. மாம்பழம் மூணு பேரு. திராட்சையும் ஆப்பிளும் விக்கிறவங்க அஞ்சு பேரு. கொய்யா மூணு, சாத்துக்குடி ரெண்டு, பப்பாளி ரெண்டு. பலாப்பழம் ஒருத்தரு. ஆச்சா, இருபது. இருபத்தொன்னாவது ஆளு வெள்ளத்தாய். அப்புறம் ஒரு கறுப்பு நாய், ஒரு செவலைப் பசு. அப்புறம் ஈ. வீட்டு ஈ இல்ல, பழ ஈ. எள்ளு அளவுதான் இருக்கும், செக்கச்செவேல்னு கண்ணு. அது எத்தனைன்னு மட்டும் எனக்குத் தெரியாது. எண்ண எண்ணப் பறந்துச்சு. ம்?

அந்த வெள்ளத்தாய் என்ன விப்பான்னா, மத்த இருபது கடையிலயும் வேண்டாம்னு ஒதுக்கின பழத்தை வாங்கி விப்பா. ஒரு பக்கம் நசுங்குன கொய்யா, தோலு கறுத்த வாழைப்பழம், வெடிச்ச பப்பாளி. கெட்ட பக்கத்தைக் கத்தியால சரக் சரக்னு செதுக்கிப் போட்டுட்டு, நல்ல பக்கத்தை அடுக்கி வைப்பா. கையில காசு கொஞ்சமா வச்சிருக்குறவங்க எல்லாரும் அவகிட்டதான் வருவாங்க. மார்க்கெட்டுக் கடைசியில, தண்ணிக் குழாய்க்குப் பக்கத்துல அவளுக்கு ஒரு பலகை. பதினாலு வருசமா அதே பலகை, அதே எடம். அந்த எடத்தை விட்டா அவளுக்கு வேற எடம் கெடையாது. அதிர்ந்து பேச மாட்டா. யாராவது சத்தம் போட்டா முந்தானை நுனியத் திருகிக்கிட்டு நிப்பா.

அப்போ அந்தத் திங்கக்கிழமை என்ன ஆச்சுன்னா, பெரிய ஓட்டல்காரங்க ரெண்டு பேரு மொத்தமாப் பழம் எடுக்க வந்தாங்க. உள்ள நுழைஞ்சு குழாய்ப் பக்கம் வந்ததும் ஙொய்ய்ய்னு மூஞ்சியில ஈ. கையால விசிறிப் பாத்தாங்க. வாயில ஒன்னு போயிருச்சு. தூ தூன்னு துப்பிட்டு, வந்த வழியே போயிட்டாங்க.

அப்புறம் சும்மா இருப்பாங்களா? மார்க்கெட் சங்கத்துத் தலைவர் ஆவுடையப்பன், அவரும் வாழைப்பழக் கடைக்காரர்தான், மீசை ரெண்டு பக்கமும் வாழைப்பூ மடல் மாதிரி விரிஞ்சிருக்கும், அவரு நேரா வெள்ளத்தாய் பலகைகிட்ட வந்து நின்னாரு.

"தாயி, நான் சுத்தி வளைக்கல. அழுகுன பழம் நீதான் விக்கிற. ஈ பூரா உன் பலகையிலதான் பொறக்குது."

"அழுகுனது இல்ல அண்ணாச்சி, நசுங்குனது."

"ஈக்கு அந்த வித்தியாசம் தெரியுமா?"

எதுத்த கடை மாடத்தி, திராட்சைக்காரி, வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டா. "அண்ணாச்சி, ஈ நெலாவோட வளர்றது. அமாவாசையில அம்மன் கூட்டிக்கிட்டுப் போயிருவா, அப்புறம் பத்து நாள் கழிச்சுத் திரும்ப வரும். எங்க மாமியா காலத்துலேர்ந்து இப்படித்தான்"னா.

"நெலா வளத்தா வளத்துட்டுப் போகுது. ஏன் இவ பலகையில வந்து வளக்குது?"ன்னு கேட்டாரு ஆவுடையப்பன். அப்புறம் அவரு சொன்னாரு: "வெள்ளிக்கிழமை வெடியக்காலம் வந்து பாப்பேன். பலகையில இதே மாதிரி மொய்ச்சா, பலகையைத் தூக்கிருவோம் தாயி. மனசுல வச்சுக்கிடாத."

மனசுல வச்சுக்காம எங்க வைக்கிறது? வெள்ளத்தாய்க்கு அன்னைக்குச் சோறு எறங்கல. கேக்குறியா? ம்.

அப்போ நாள் எத்தனை இருக்கு? செவ்வா, புதன், வியாழன். மூணே நாளு.

செவ்வாக்கிழமை அவ என்ன செஞ்சா? குழாய்க்குப் பக்கத்துல ஒரு வேப்பமரம். அதுல நாலு கொத்து ஒடிச்சு, ஓட்டைச் சட்டியில நெருப்புப் போட்டு, பலகைக்கு அடியில வச்சுட்டா. பொசு பொசுன்னு பொகை. கொய்யாக்காரரு லொக் லொக்னு இருமுறாரு. பசு தும்முது. மத்தியானம் பாத்தா பலகையில ஒரு ஈ இல்ல! வெள்ளத்தாய்க்கு ஒரே சந்தோசம். ஆனா கண்ணு, மத்தியானம் எப்பவுமே பழ ஈ வராது. வெயிலு ஆகாது அதுக்கு. ஈரமா, நெழலா எங்கயாவது ஒடுங்கிக் கெடக்கும். வெடியக்காலமும் சாயங்காலமும்தான் அதுக்கு நடமாட்டம். அவ அதை யோசிக்கல. சாயங்காலம் வெயில் எறங்குச்சு. ஒன்னு வந்துச்சு. பத்து வந்துச்சு. அவ வெத்தலைக்குச் சுண்ணாம்பு தடவி மடிக்கிறதுக்குள்ள, ஙொய்ய்ய்! போன கூட்டம் பூரா வந்து உக்காந்துருச்சு.

புதன்கிழமை? வீட்டுலேர்ந்து பழைய வெள்ளை நூல்சேலை ஒன்னு கொண்டாந்தா. பழத்து மேல போத்தி, நாலு ஓரமும் கல்லு வச்சா. ஒரு ஈ உள்ள போக முடியாது. ஆனா வாசனை வெளிய வராம இருக்குமா? பழம் லேசாப் புளிக்கிற வாசனை இருக்கே, அதுக்குத்தான் அதுக வரும். சேலை மேலயே உக்காந்துச்சு. வெள்ளைச் சேலை முழுக்கப் புள்ளி புள்ளியா ஈ.

"ஏ மதினி! புள்ளி போட்ட சேலை புதுசா? எந்தக் கடையில எடுத்த?"ன்னா மாடத்தி. சுத்தி நின்ன எல்லாரும் கெக்கெக்கேன்னு சிரிச்சாங்க. வெள்ளத்தாயும் சிரிச்சா. சிரிச்சுட்டு, குழாய்ப் பக்கம் திரும்பி நின்னுக்கிட்டா. தூங்கிட்டியா? ம் சொல்லு. சரி.

வியாழக்கிழமை வந்துச்சு. கடைசி நாளு. அவ என்ன நெனச்சா? பழம் இருந்தாத்தானே ஈ வரும், பழமே இல்லன்னா? அன்னைக்கு ஒரு பழம் வாங்கல. இருட்டு பிரியுறதுக்கு முன்னாடி வந்து, பலகையில வென்னியை ஊத்தி, சீயக்காய் போட்டு, தேங்கா நாரால சரட்டு சரட்டுன்னு தேச்சுக் கழுவினா. பலகை புதுப்பலகை மாதிரி ஆயிருச்சு. மோந்து பாத்தா, மரவாசனை மட்டும்தான். பக்கத்துல குத்தவச்சு உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தா.

லேசா வெளுத்துச்சு.

ஒன்னு வந்து உக்காந்துச்சு. ரெண்டு. அஞ்சு. எண்ணினா. அறுவத்திமூணு ஈ! வெறும் பலகையில! பழமே இல்லாத பலகையில அறுவத்திமூணு!

அவளுக்குக் கண்ணு கலங்கிருச்சு. அப்போ ஒரு ஈ அவ கட்டைவெரல் நகத்துல வந்து உக்காந்து, முன்னங்கால் ரெண்டையும் தேச்சுக்கிட்டே இருந்துச்சு.

"ஏ ஈயே, இங்க என்னதான் இருக்குன்னு வந்த?"ன்னு கேட்டா.

"ஒன்னும் இல்லியேக்கா"ன்னுச்சு ஈ. குரலு எப்படி? ஊசி முனை மாதிரி.

"ஒன்னும் இல்லன்னா எதுக்கு வந்த?"

"பொறந்த எடத்துலேர்ந்து வெளிய வந்தோம்னா மொதல்ல எங்கயாவது உக்காந்து காலைத் தொடைக்கணும்ல? உன் பலகைதான் பக்கம். எங்களால ரொம்பத் தூரம் பறக்க முடியாதுக்கா. காத்தடிச்சா சுருண்டு விழுந்துருவோம்."

"அப்போ நீ என் பழத்துல பொறக்கலையா?"

ஈ சிரிச்சுச்சு. "உன் பழத்துலயா? நாங்க முட்டையா ஒரு நாள் இருக்கணும். புழுவா அஞ்சு நாள். கூட்டுக்குள்ள நாலு நாள். பத்தாவது நாள்தான் றெக்கை. உன் பழம் பத்து நாள் இருக்குமா?"

வெள்ளத்தாய் யோசிச்சா. பத்து நாளா? அவ பழம் காலையில வந்தா சாயங்காலம் முடிஞ்சிரும். மிச்சம் இருந்தா பசுவுக்கு. ஒரு பழமும் அவகிட்ட ராத்தங்கினது இல்ல.

"பின்ன எங்கதான் பொறந்த?"

"தோ, அங்க"ன்னு ஈ காலைத் தூக்கிக் காட்டுச்சு.

திரும்பிப் பாத்தா வெள்ளத்தாய்.

எங்க காட்டுச்சு தெரியுமா? பலகைக்குப் பின்னாடி, வேப்பமரத்தடியில, குழாயடி அம்மன்னு ஒரு அம்மன். அதுக்கு முன்னால இடுப்பு ஒசரத்துக்கு ஒரு மண்தாழி. அந்த மார்க்கெட்டுல ஒரு வழக்கம். தெனமும் கடை திறந்ததும், கூடையில மேலாக இருக்குற மொதப் பழத்தை எடுத்துட்டுப் போய் அந்தத் தாழியில போட்டுட்டு வரணும். அம்மனுக்குத் தனியாக் கொடுக்குறது, அதனால பாக்கக் கூடாது. கண்ணை மூடிக்கிட்டு, மஞ்சத்துணியை ஒரு கையால வெலக்கி, டொப்புன்னு போட்டுட்டு வந்துரணும். அமாவாசை அன்னைக்குத்தான் தாழியை எடுப்பாங்க. நாலு பேரு துணி மூடுன மேனிக்கே தூக்கிட்டுப் போய், மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு ஆத்தோரம் கவுத்துட்டு வருவாங்க. ஆக, உள்ள இருக்குறதை அந்த மார்க்கெட்டுல ஒரு ஆளும் ஒரு நாளும் பாத்தது இல்ல.

அமாவாசை கழிஞ்சு அன்னைக்குப் பதினெட்டாவது நாளு. இருபத்தொரு பேரு பதினேழு நாளாப் போட்டது முந்நூத்தி அம்பத்தேழு. பதினெட்டாம் நாள் வெள்ளத்தாய்கிட்ட பழம் இல்ல, மத்த இருபது பேரு போடப் போறாங்க. அது சேந்தா முந்நூத்தி எழுபத்தேழு பழம். நீயே வேணா கணக்குப் போட்டுப் பாரு. இப்ப வேண்டாம், காலையில.

"நெலா வளத்ததெல்லாம் ஒன்னும் இல்ல, நாமதான் வளத்துருக்கோம்"னு வெள்ளத்தாய் மெதுவா முனகினா.

அதைக் கேட்டதும் ஈக்குப் பயம் வந்துருச்சு. காலைத் தேய்க்கிறதை நிறுத்திருச்சு. "ஐயோ, என் வாயால நானே சொல்லிட்டேனே! உள்ள என் புள்ளைங்க இருக்குக்கா. இன்னும் றெக்கை மொளைக்கல. இனி நீ போய்ச் சொல்லுவ, அவங்க வென்னியை ஊத்திருவாங்க."

வெள்ளத்தாய் நகத்துல இருந்த ஈயைப் பாத்தா. அது என்ன செஞ்சுச்சு பாவம்? மத்தவங்க வேண்டாம்னு வச்ச பழத்துல பொழைக்குது. அவளும் அதைத்தான் செய்யுறா.

"வென்னி ஊத்த விடமாட்டேன்"னா.

"நெசமா?"

"நெசமா."

சொல்லிட்டாளே தவிர, எப்படின்னு அவளுக்கே தெரியல. இருபது பேரு முன்னாடி நின்னு, நீங்க அம்மனுக்குப் போட்ட பழத்துலதான் ஈ பொறக்குதுன்னு அவளா சொல்லுவா? துணியைத் தூக்கிக் காட்டலாம்னா, பாக்கக் கூடாதே! தூக்கினா, சாமி குத்தம்னு அதுக்கும் சேத்து அவளைத்தானே வெளிய தள்ளுவாங்க? ம்... நீயா இருந்தா என்ன செய்வ?

வெள்ளிக்கிழமை வந்துச்சு. இன்னும் யாரும் கடை திறக்கல. ஆவுடையப்பன் அண்ணாச்சி வந்துட்டாரு, பின்னாடி மத்தவங்களும் வந்துட்டாங்க. வெறும் பலகை. அது மேல ஈ.

"பழம் இல்லாமலேயேவா? அப்போ பலகையிலயே ஊறிப்போச்சு. தூக்குங்கப்பா"ன்னாரு.

ரெண்டு பேரு பலகையில கை வச்சாங்க. வெள்ளத்தாய் முந்தானை நுனியைத் திருகினா. திருகித் திருகி, ஒரு நூலு பிரிஞ்சு வந்துருச்சு. அப்புறம் வாயைத் திறந்தா.

"அண்ணாச்சி, ஒன்னு கேக்கட்டுமா?"

"கேளு."

"அம்மன் தாழிக்குள்ள பாக்கத்தானே கூடாது?"

"ஆமா."

"காது கொடுத்துக் கேக்கலாம்ல?"

ஆவுடையப்பன் மீசையைத் தடவினாரு. கேக்கக் கூடாதுன்னு யாரும் சொன்னது இல்ல. மாடத்தியைப் பாத்தாரு. மாடத்தி, "எங்க மாமியா அதைப் பத்தி ஒன்னும் சொல்லல அண்ணாச்சி"ன்னா.

"சும்மா ஒருக்கக் கேட்டுட்டு, அப்புறம் பலகையைத் தூக்குங்க"ன்னா வெள்ளத்தாய்.

அவரு தோள்ல கெடந்த துண்டை இடுப்புல கட்டினாரு. கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு, தாழி வாயில காதை வச்சாரு.

ஙொய்ய்ய்ய்ய்ய்!

"அம்மா தாயே!"ன்னு ஒரே குதி. மொதல்ல அம்மன்தான் பேசுதுன்னு நெனச்சுட்டாரு. அப்புறம் பாத்தா மீசையில நாலு ஈ, காதுக்குள்ள ஒன்னு. தலையைச் சாய்ச்சுக்கிட்டு ஒத்தக் காலுல டிங் டிங்னு குதிக்கிறாரு. பலாப்பழக்காரரு கேட்டாரு, கொய்யாக்காரங்க மூணு பேரும் கேட்டாங்க, ஒவ்வொருத்தராப் போய் இருபது பேரும் காதை வச்சுக் கேட்டாங்க. கேட்டுட்டு வந்து எல்லாரும் அவங்கவங்க கையைப் பாத்துக்கிட்டாங்க. போட்ட கையில்ல?

மாடத்திதான் மொதல்ல பேசினா. "இதுக்கு எதுக்கு இம்புட்டு யோசனை? ஒரு அண்டா வென்னியை ஊத்துனா எல்லாம் அடங்கிருது!"

"ஆமாமா, வென்னி போடுங்க"ன்னாங்க நாலஞ்சு பேரு.

வெள்ளத்தாய் தாழிக்கும் அவங்களுக்கும் நடுவுல வந்து நின்னா. பதினாலு வருசத்துல அவ யாருக்கும் குறுக்க வந்து நின்னது அன்னைக்குத்தான்.

"அம்மன் முன்னாடி வச்ச தாழியில, வெள்ளிக்கிழமையும் அதுவுமா, கொதிக்கக் கொதிக்க ஊத்துவீகளா? ஊத்துறவுக முன்னால வாங்க."

ஒருத்தரும் வரல. வென்னின்னு சொன்ன மாடத்தி கொய்யாக்காரருக்குப் பின்னாடி போய் நின்னுக்கிட்டா.

"அம்மன் தின்னட்டும்னு நாம கொடுத்தோம். ஏதோ தின்னுருக்கு"ன்னா வெள்ளத்தாய். "அமாவாசைக்கு எடுக்குறாப்புல இப்பவே எடுத்துருவோம். ஆத்துக்கு அந்தப் பக்கம் வாழைத்தோட்டத்துல எருக்குழி இருக்கு. அங்க கவுத்தா அதுகளும் பொழைச்சுக்கும், நமக்கும் தொந்தரவு இல்ல. இனிமே வெள்ளிக்கு வெள்ளி எடுத்துருவோம். பத்தாம் நாள்தான் அதுக்கு றெக்கை. ஏழு நாள்ல எடுத்துட்டா இங்க ஒன்னும் பறக்காது."

"பத்து நாளுன்னு உனக்கு யாரு சொன்னா?"ன்னு கேட்டாரு ஆவுடையப்பன்.

வெள்ளத்தாய் தன் கட்டைவெரல் நகத்தைப் பாத்துக்கிட்டா. "தெரிஞ்சவுக ஒருத்தவுக."

அவரு காதைக் குடைஞ்சுக்கிட்டே யோசிச்சாரு. "சரி தாயி. அடுத்த வெள்ளிக்கிழமை நானே வந்து எண்ணுவேன். அன்னைக்கும் மொய்ச்சுச்சுன்னா பலகை போயிரும். அதுல மாத்தம் இல்ல."

அப்புறம் நாலு பேரு தாழியைத் தூக்குனாங்க. அண்ணாச்சி முன்னாடி, வெள்ளத்தாய் பின்னாடி. மஞ்சத்துணி மேல ஒரே ஒரு ஈ ஒட்டிக்கிட்டு வந்துச்சு. காத்துக்கு விழுந்துரக் கூடாதுன்னு வெள்ளத்தாய் கையைக் குவிச்சு அதுக்கு மறைப்புக் கட்டிக்கிட்டே நடந்தா. எருக்குழியில சளக்குன்னு கவுத்தப்போ எல்லாரும் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாங்க. அவ திருப்பல. தாழியோட உள்பக்கம் பூராவும் சீரகத்தை ஒட்டி வச்ச மாதிரி பொடிப் பொடியாக் கூடு. ஒரு கூடு அவ பாக்கும்போதே பொத்துக்கிட்டு, உள்ளேயிருந்து ஈரமா, கசங்கிப் போன றெக்கையோட ஒன்னு வெளிய வந்துச்சு. பக்கத்துல அண்ணாச்சியும் ஒரு கண்ணைத் திறந்து பாத்துட்டு, பாக்காத மாதிரி மூடிக்கிட்டாரு.

"புள்ளைங்க பத்திரம்க்கா, இங்க நெழலா இருக்கு"ன்னு ஊசிமுனைக் குரலு ஒன்னு கேட்டுச்சு. அப்புறம் கேக்கல.

திரும்பி வந்து தாழியைக் கழுவி, வெயில்ல காயவச்சு, பழையபடி அம்மன் முன்னாடி வச்சாங்க. ஆனா மார்க்கெட்டுல பறந்துக்கிட்டு இருந்த பழைய ஈயெல்லாம் அங்கதானே இருக்கு? சனிக்கிழமையும் மொய்ச்சுச்சு. ஞாயித்துக்கிழமையும் மொய்ச்சுச்சு. வெள்ளத்தாய் பழைய மாதிரி பழம் வாங்கிச் செதுக்கி வித்தா. தெனமும் வெடியக்காலம் எண்ணினா. திங்கக்கிழமை அம்பது. செவ்வாக்கிழமை அம்பத்திரண்டு! அன்னைக்குக் கொய்யா செதுக்கும்போது அவ வெரல்ல கத்தி பட்டுருச்சு. புதன்கிழமை முப்பத்தெட்டு. வியாழக்கிழமை பத்தொம்பது. பழசு ஒவ்வொன்னாக் கொறையுது, புதுசு பொறக்கல.

வெள்ளிக்கிழமை ஆவுடையப்பன் வந்தாரு. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, பலகைக்குப் பக்கத்துல முட்டி மடக்கி உக்காந்தாரு. பழமெல்லாம் அடுக்கி வச்சிருந்துச்சு. சுத்தி எல்லாரும் நிக்கிறாங்க. அண்ணாச்சி வெரலை நீட்டி நீட்டி எண்ணினாரு. ஒன்னு பறந்து வந்து எடம் மாறி உக்காந்துச்சு, மறுபடியும் மொதல்லேர்ந்து எண்ணினாரு. எண்ணி முடிச்சு எந்திரிச்சாரு.

"முழுசாப் போகலியே தாயி. இன்னும் இருக்கே."

வெள்ளத்தாய் இந்தத் தடவை முந்தானையைத் தொடல. "பழம் விக்கிற எடம் அண்ணாச்சி. இதுகூட இல்லன்னா, பழத்துல வாசனையே இல்லன்னுல்ல ஆயிரும்?"

அவரு மீசை மெதுவா ரெண்டு பக்கமும் ஏறுச்சு. சிரிச்சுட்டாரு. "அந்தக் கொய்யாவுல ரெண்டு எடு, தின்னு பாப்போம்"னு சொல்லிட்டு, பலகையை ஒரு தட்டு தட்டினாரு. "இது இங்கனயே கெடக்கட்டும்."

அம்புட்டுத்தான் கதை. இனி கேக்க ஒன்னும் இல்ல, போர்வையை இழுத்துப் போத்திக்கிட்டுக் கண்ணை மூடு. பலகை ஒன்னு, வெள்ளத்தாய் ஒருத்தி, மிச்சம் இருந்த ஈ ஏழு.